குயிலி ஒளிந்த இடம்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் கோபுரம், குளம், யானை என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். ஓடு வேய்ந்த நீளமான கூடம் ஒன்று, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் மாட்டுக்கொட்டகை, காய்கறித் தோட்டம். அவ்வளவுதான். இருபது பேர் போல இருந்தார்கள். எல்லாருக்கும் குரு வடிவம்மா.

வடிவம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தாறு. தன்னைவிட வயதில் சின்னவரிடம் பாடம் கேட்பதில் தனக்கு ஒரு கூச்சமும் இல்லை என்று தில்லைநாயகம் அடிக்கடி சொல்வார். அடிக்கடி சொன்னதிலிருந்தே கொஞ்சம் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

முன்பு அவர் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. டாக்டர் எழுந்து கை கழுவிவிட்டு வருவதற்குள் மூன்று மருந்துகளின் பெருமையைச் சொல்லி முடித்துவிடுகிற வாய். மனைவி மரகதம் காலமான பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். வாய் மட்டும் வேலையை விடவில்லை.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாடு பேசாப் பந்தி. மணி அடித்ததும் எல்லாரும் இலைக்கு முன்னால் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. வேண்டும் என்றும் கேட்கக் கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. இலையைக் கையால் மறைக்கக் கூடாது. விழுந்ததை மிச்சம் வைக்கவும் கூடாது. வடிவம்மாவின் குரு காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது.

"நாக்கை அடக்கப் பழகத்தான் இந்த விதி" என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தில்லைநாயகம் விளக்கம் சொல்வார். யாரும் மறுத்துச் சொன்னதில்லை.

சனிக்கிழமைப் பந்தியில் பரிமாறுவது அவர் முறை. அன்றைக்கு ஒரு பதார்த்தம் அவருடைய கையாலேயே ஆகும். பாகற்காய் வறுவல். அவருக்குப் பாகற்காய் என்றால் உயிர். விடியற்காலையிலேயே தோட்டத்தில் பறித்து, வட்டவட்டமாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, மொறுமொறுவென்று வறுத்தெடுப்பார். கசப்பைப் பிழிந்து வெளியேற்றுகிற கெட்ட பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

எல்லாருக்கும் ஒரு கரண்டி. குருவின் இலைக்கு மட்டும் இரண்டு. வடிவம்மா ஒரு துண்டு விடாமல் சாப்பிடுவார். அந்த இலை காலியாவதைப் பார்க்கும்போது தில்லைநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நிறைந்த நெஞ்சோடு இன்னொரு கரண்டி போடுவார்.

சனிக்கிழமைகளில் மட்டும் ஆசிரமத்தில் பலருக்கு டவுனில் அவசர வேலை வந்துவிடும். அது ஏன் என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

அந்த வருடம் டவுனில் இருந்த பக்தர்கள் ஒரு சின்ன மண்டபம் கட்டினார்கள். தை பிறந்ததும் திறப்பு. ஞாயிறுதோறும் வந்து நாலு நல்ல வார்த்தை சொல்ல ஒருவரை அனுப்பும்படி வடிவம்மாவைக் கேட்டிருந்தார்கள். அந்தச் செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து தில்லைநாயகத்துக்குத் தூக்கம் கொஞ்சம் குறைந்துபோனது. மரகதம் போன பிறகு, இனி யாருக்கும் எதற்கும் ஆகாதவனாகவே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்குள் உட்கார்ந்திருந்தது. அந்த மண்டபத்தை நினைத்தால்தான் அது எழுந்து கொஞ்ச தூரம் போய் நின்றது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வடிவம்மா தக்காளிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் போய்ப் பக்கத்தில் குந்தினார்.

"அம்மா, டவுனுக்கு என்னை அனுப்புவீங்களா?"

"என்ன பேசுவீங்க, ஐயா?"

"அகந்தையைப் பத்தி. 'நான்' என்கிற எண்ணம் எப்படி நம்ம கண்ணை மறைக்குதுன்னு ஒன்றரை மணி நேரத்துக்குத் தயாரா வெச்சிருக்கேன். மாடுகளுக்கு முன்னாடி பேசிப் பார்த்தேன். தங்குதடை இல்லாம வருது."

"மாடு என்ன சொல்லிச்சு?"

"அசையாம கேட்டுச்சு, அம்மா."

வடிவம்மா ஒரு களையைப் பிடுங்கி மண்ணை உதறினார். சமையல்கட்டு வாசலில் ஒரு குழந்தை வாளித் தண்ணீரில் கரண்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. சமையல் செய்கிற முத்தழகுவின் மகள், குயிலி. மூன்றரை வயது. அவளுடைய அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அண்ணன் மாரி அங்கேயே அவரோடு இருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

"இந்தக் குயிலிக்கு ஒளிஞ்சு விளையாடச் சொல்லிக்கொடுங்க" என்றார் வடிவம்மா.

"ஒளிஞ்சு விளையாடவா?"

"ஆமாம். அவ ஒளியணும், நீங்க தேடணும். தேடிக் கிடைக்காம நிஜமா முழிக்கணும். பெரியவங்க குழந்தைக்காக முழிக்கிற மாதிரி பாசாங்கு பண்ணுவாங்களே, அது செல்லாது. என்னைக்கு நிஜமா முழிக்கிறீங்களோ, அன்னைக்கு டவுனுக்குப் புறப்படலாம்."

இதென்ன பிரமாதம், இரண்டு நாள் வேலை என்று தில்லைநாயகம் நினைத்தார். டவுனுக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு வேட்டியைத் துவைத்து மடித்தும் வைத்துவிட்டார்.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினார். வேப்பமரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருபது வரை எண்ணினார். திரும்பிப் பார்த்தால், முற்றத்துக்கு நட்டநடுவே இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு குயிலி நின்றாள்.

"குயிலி, இங்கேதானே நிக்கிற?"

"இல்ல. நான் ஒளிஞ்சிருக்கேன்."

"எனக்குத் தெரியுதேம்மா."

"எனக்குத் தெரியலையே."

தில்லைநாயகம் அவளைத் திண்ணையில் உட்காரவைத்து விளக்கினார். அவள் கண் வேறு, அவர் கண் வேறு. அவள் கண்ணை மூடினால் அவள் கண்தான் மூடும், அவர் கண் மூடாது. இரண்டு உதாரணங்கள் சொன்னார். மருந்துக் கம்பெனி நாட்களிலேயே இவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதில்லை. குயிலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"தாத்தா, உன் மூக்குல ஏன் முடி இருக்கு?"

தாத்தா என்று அவள் கூப்பிடுவது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மாமா என்று மாற்றப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை.

மறுநாள் அவள் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்தாள். முன்னேற்றம்தான். ஆனால் தலை மட்டும் குதிருக்குப் பின்னால் இருந்தது. மீதிக் குயிலி, பாவாடையோடு, போகிற வருகிறவர்கள் எல்லாம் தாண்டிப்போகும்படி வெளியே இருந்தாள். அதற்கும் அடுத்த நாள் கோணிப்பைக்குள் முழுசாக நுழைந்துகொண்டாள். நுழைந்துகொண்டு, "தாத்தா, நான் கோணிப்பையில இருக்கேன், தேடு" என்று கத்தினாள்.

செய்து காட்டினால் புரியும் என்று நினைத்து தில்லைநாயகமே வைக்கோல்போருக்குள் போய் ஒளிந்தார். குயிலி கொஞ்சம் தேடினாள். அதற்குள் சமையல்கட்டிலிருந்து சுண்டல் வாசனை வந்தது. போய்விட்டாள். தில்லைநாயகம் அரை மணி நேரம் எறும்புகளோடு இருந்துவிட்டு வெளியே வந்தார். அதிலிருந்து குயிலி எப்போது ஒளிந்தாலும் அதே வைக்கோல்போரில், அதே பக்கம்தான் ஒளிந்தாள். தாத்தா ஒளிந்த இடமாயிற்றே.

ஆவணி போயிற்று. புரட்டாசி வந்தது. மடித்து வைத்த வேட்டியில் மடிப்புக்கோடு பழுப்பேறத் தொடங்கியது. தில்லைநாயகம் வடிவம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, அந்தக் குழந்தைகிட்ட ஒரு விஷயம் கேட்டேன். உனக்கு அண்ணன் இருக்கானான்னு. இருக்கான், மாரின்னு சொன்னா."

"சரி."

"மாரிக்குத் தங்கச்சி இருக்காளான்னு கேட்டேன். இல்லைங்கிறா."

வடிவம்மா சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டீங்களா?"

"மூணு தடவை கேட்டேன். மாரிக்குத் தங்கச்சியே இல்லையாம். அப்பா போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேட்டா, வாயைத் திறக்காம தலையை ஆட்டுறா. திருப்பூர்ல இருக்கிற மனுஷனுக்கு இவ தலையாட்டுறது எப்படித் தெரியும்? அடுத்தவங்களுக்குத் தனியா ஒரு கண்ணு இருக்கு, தனியா ஒரு மனசு இருக்குங்கிறதே அவளுக்குத் தெரியலை, அம்மா. உலகமே அவ கண்ணு வழியாத்தான் பார்க்குதுன்னு நினைக்கிறா."

"அது அந்த வயசுக்கு இருக்கும், ஐயா."

"இருக்கும்தான்."

"உங்களுக்கு அது எப்போ போச்சு?"

தில்லைநாயகம் யோசித்தார். "ஞாபகம் இல்லை, அம்மா. சின்ன வயசுலேயே போயிருக்கும்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு வடிவம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. சனிக்கிழமைகளில் தில்லைநாயகம் வறுவல் வறுக்கும்போது குயிலி பக்கத்தில் வந்து கை நீட்டுவாள். ஒரு துண்டு கொடுத்துப் பார்த்தார். முகத்தைச் சுளிக்காமல் தின்றுவிட்டு மறுபடியும் கை நீட்டினாள். பாகற்காயை இப்படித் தின்கிற குழந்தையை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவர் வறுவலை அந்த ஆசிரமத்தில் மனதார ரசித்த ஒரே ஜீவன் அவள்தான். எல்லாரும் ரசிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்ததால் அதன் அருமை அவருக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் இரண்டு துண்டைக் கொண்டுபோய்க் கன்றுக்குட்டியின் வாயில் திணித்தாள். கன்று துப்பியது. மறுபடி திணித்தாள். கன்று தலையை உதறிக்கொண்டு ஓடியது.

"ஏம்மா, அதுக்குப் பிடிக்கலை பாரு" என்றார் தில்லைநாயகம்.

"நல்லா இருக்கு தாத்தா. எனக்குப் பிடிக்கும்."

"உனக்குப் பிடிச்சா கன்னுக்குட்டிக்குப் பிடிக்குமா?"

"நல்லா இருக்கே" என்றாள் மறுபடியும்.

தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று மதியம் வடிவம்மாவின் இலையில் மூன்று கரண்டி வறுவல் போட்டுவிட்டு, பந்தி முடிந்ததும் இந்தக் கதையை நடித்தே காட்டினார். கன்று மாதிரி தலையை உதறினார், குழந்தை மாதிரி திணித்தார். வடிவம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நாம் சொன்ன விதம் அப்படி என்று தில்லைநாயகம் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. டவுனிலிருந்து, மண்டபத்துக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது என்று செய்தி வந்தது. அன்றைக்கும் குயிலி கூடத்துத் தூணுக்கு முன்னால், பின்னால்கூட இல்லை, முன்னால் நின்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். தில்லைநாயகத்துக்குப் பொறுமை கைவிட்டுப் போயிற்று.

"எத்தனை தடவைடி சொல்றது? மண்டையில ஏறாதா?"

குயிலி உதட்டைப் பிதுக்கினாள். உள்ளே ஓடிவிட்டாள். தில்லைநாயகம் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். தை மாதம் வேறு யாரோ அந்த மண்டபத்தில் பேசப்போகிறார்கள் என்று நினைத்தபோது மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மடியில் ஈரமாக ஏதோ விழுந்தது. குயிலி தூங்கும்போது வாயில் வைத்துச் சப்புகிற துணி. நிறம் போய், எச்சில் ஊறி, அவளைத் தவிர யாரும் தொடாத துணி.

"வெச்சுக்கோ. அழுகை போயிடும்" என்றாள்.

தில்லைநாயகம் அதைக் கையில் எடுத்தார். அதைவிடப் பெரிய பொருள் அவளிடம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்தப் பிசுபிசுத்த துணியை வாங்கிக்கொண்டபோது அவருக்கு அந்தக் குழந்தை மேல் பிரியம் பொங்கிவிட்டது. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா மழையைப் பார்த்தார். கொட்டகையில் மாடு நின்றுகொண்டிருந்தது.

"மாடு என்னத்தைப் பார்க்குது, குயிலி?" என்று கேட்டார், வேறு எதுவும் கேட்கத் தெரியாமல்.

குயிலி எட்டிப் பார்த்தாள். "வைக்கோலை."

"உங்க அம்மா?"

"அடுப்பை."

"பெரியம்மா?" வடிவம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பெரியம்மா மழையப் பாக்குறாங்க."

அன்று முழுவதும் அதுவே விளையாட்டாகிவிட்டது. யார் எதைப் பார்க்கிறார்கள். பூனை என்னத்தைப் பார்க்கிறது. தபால்காரர் என்னத்தைப் பார்க்கிறார். குயிலிக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. யார் எதிரில் வந்தாலும் அண்ணாந்து அவர்கள் கண்ணைப் பார்ப்பாள், பிறகு அந்தக் கண் போகிற பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நாலைந்து நாள் கழித்து தில்லைநாயகம் அவளிடம் சொன்னார்.

"ஒளியறதுக்கு இடம் முக்கியம் இல்லைடி. தேடுறவன் மூஞ்சியப் பாரு. அவன் கண்ணு எங்கே போகுதோ, அங்கே நீ இருக்கக் கூடாது."

சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துவிட்டது. டவுன் பேச்சில் எங்கேயாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

கார்த்திகையில் மண்டபத்து ஆட்கள் போன் செய்தார்கள். மேடையை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார்கள். தன்னைக் கேட்கிறார்களே என்ற உற்சாகத்தில் தில்லைநாயகம் எழுந்து நின்றுவிட்டார்.

"இந்தப் பக்கம் வேண்டாம், வெயில் அடிக்கும். அதோ, அந்தப் பக்கமாப் போடுங்க. இவ்வளவு உயரம் இருந்தாப் போதும்" என்று கையை முட்டி அளவுக்கு வைத்துக் காட்டினார்.

குயிலி கீழே இருந்து பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பார்த்தாள்.

"தாத்தா, கையைக் காட்டுனா போனுக்குத் தெரியாது. வாயால சொல்லு."

தில்லைநாயகம் கையை இறக்கிக்கொண்டார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், நாம் சொல்லிக்கொடுத்தது எப்படிப் பிடித்துக்கொண்டுவிட்டது பார் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். எதையும் பெருமையாக மாற்றிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்காது.

அந்த வாரம் சனிக்கிழமையும் வந்தது. வழக்கம்போல வறுவல் தயாரானது. மூடி போட்ட தூக்குவாளியில் கொட்டி, சமையல்கட்டு மேடையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மணி அடித்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். பேச்சு நின்றது. சோறு பரிமாறினார், சாம்பார் ஊற்றினார். வறுவல் எடுக்க உள்ளே வந்தால் மேடையில் தூக்குவாளி இல்லை.

குயிலி உட்காருகிற இடமும் காலியாக இருந்தது.

ஆகா, ஒளிந்துவிட்டாளா என்று தில்லைநாயகத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. வைக்கோல்போருக்குப் போய் அதே பக்கம் கையை விட்டார். இல்லை. நெல் குதிர், கோணிப்பை, கொட்டகை, கட்டிலடி. எங்கும் இல்லை. குரல் கொடுத்துக் கூப்பிடலாம் என்றால் மணி அடித்தாகிவிட்டது. வாயைத் திறக்க முடியாமல் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. முத்தழகுவிடம் கையை விரித்துக் காட்டினார். முத்தழகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். பாவம், குழந்தையைக் காணோமென்று அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். கிணற்றடிக்கு ஓடினார். கிணற்றின் மேல் போட்ட கம்பி வலை போட்டபடியே இருந்தது. திரும்பி வந்தார்.

கூடத்துக்குள் வந்து பந்திக்கு நடுவில் நின்றார். எங்கே போனாள்? நிஜமாகவே தெரியவில்லை. வேர்த்துக் கொட்டியது.

பந்தியில் எல்லாருடைய தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் இலையில் முகத்தை வைக்காத குறையாகக் குனிந்திருந்தார். தில்லைநாயகத்தின் கையில் அன்றைக்குப் பாத்திரமும் இல்லை, கரண்டியும் இல்லை. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அவர் வடிவம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண் தில்லைநாயகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டென்று திரும்பினார். யாரும் இல்லை. மறுபடி வடிவம்மாவைப் பார்த்தார். அவர் கண் இப்போது இந்தப் பக்கம் நகர்ந்திருந்தது. தில்லைநாயகம் பாதி திரும்புவதுபோலத் திரும்பி, மறுபக்கமாகக் கையை வீசினார். கையில் ஒரு பின்னல் சிக்கியது.

தூக்குவாளியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குயிலி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். வைக்கோல்போரிலிருந்து கிணற்றடி வரைக்கும் அவர் திரும்பத் திரும்பத் தானும் திரும்பி, அவர் கண் போகாத ஒரே இடத்தில் வந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

தில்லைநாயகம் தூக்குவாளிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டாள். பேசாப் பந்தி குழந்தைகளைக் கட்டுப்படுத்தாது.

"பெரியம்மாவுக்குப் போடாத. அவங்களுக்குப் பிடிக்காது."

தில்லைநாயகம் விதியை மறந்துவிட்டார். "யாரு சொன்னா? உனக்கே பிடிக்குமே."

"எனக்குப் பிடிக்கும். பெரியம்மாவுக்குப் பிடிக்காது" என்றாள் குயிலி, ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல நிதானமாக. "நீ கரண்டிய நீட்டும்போது மூஞ்சியப் பாரு, தாத்தா."

தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். தில்லைநாயகம் உள்ளே கிடந்த கரண்டியை எடுத்து, வறுவலை அள்ளி, வடிவம்மாவின் இலைக்கு மேலே கொண்டுபோனார். கரண்டியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

ஒரு கணம்தான். புருவம் லேசாக மேலே போனது. தொண்டை ஒருமுறை விழுங்கியது. பிறகு அந்த முகம் எதையும் வாங்கிக்கொள்ளத் தயாரானது. இந்த முகம் எல்லாச் சனிக்கிழமையும் இங்கேதான் இருந்திருக்கிறது.

அவர் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பக்கத்து இலைக்குக் கொண்டுபோனார். அந்த முகத்தையும் பார்த்தார். அதற்கு அடுத்ததையும் பார்த்தார். கடைசி வரைக்கும் போய்விட்டு, ஒரு துண்டுகூடப் போடாமல் தூக்குவாளியைக் குயிலியிடமே கொடுத்தார். பந்தியில் எல்லாரும் அன்றைக்கு இரண்டு முறை ரசம் சாப்பிட்டார்கள்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் தில்லைநாயகம் வடிவம்மாவுக்காகக் காத்து நின்றார்.

"அம்மா, ஒரு வருஷமா..."

"ஒண்ணேகால் வருஷம், ஐயா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பந்தியில பேசக் கூடாதே."

"எழுந்து வந்த பிறகு சொல்லியிருக்கலாமே."

"பந்தியிலேயே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க கரண்டியைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"நாக்கை அடக்கத்தான் இந்த விதின்னு நான் எல்லார்கிட்டேயும்..."

"சாப்பிடுறவங்களுக்கு இதுல என்ன வேலை இருக்கு? விதி பரிமாறுறவங்களுக்கு."

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். குழாயடியில் பருக்கைகளைப் பொறுக்க ஒரு காகம் வந்து நின்றது. அவர் வெகுநேரம் பேசாமல் இருந்ததை வடிவம்மா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையானா வீட்ல நான்தான் வறுப்பேன்" என்றார் தில்லைநாயகம். "மரகதத்துக்கு ரொம்பப் பிடிக்கும்னு எல்லார்கிட்டேயும் சொல்லுவேன். தட்டை வழிச்சு வெச்சுடுவா. ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லை." குரல் உடைந்தது. "அவ மூஞ்சி எப்படி இருந்ததுன்னு ஞாபகத்துக்கு வரலை, அம்மா."

வடிவம்மா செம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றினார். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

குயிலி தூக்குவாளியோடு வந்து சேர்ந்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, பெரிய துண்டாக ஒன்று தேடி எடுத்தாள்.

"தாத்தா, இந்தா. உனக்குப் பிடிக்கும்."

தில்லைநாயகம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மொறுமொறுவென்றுதான் இருந்தது. குயிலி தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். கன்றுக்குட்டி வேலியோரம் வந்து மூக்கை நீட்டியது. அதற்கு வறுவல் கொடுக்காமல் ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் கண்ணீரோடேயே தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொங்கல் முடிஞ்சதும் நீங்க டவுனுக்குப் புறப்படலாம்" என்றார் வடிவம்மா.

"நானா? இவ்வளவு ஆன பிறகுமா?"

"தேடினீங்க, கிடைக்கலை, நிஜமா முழிச்சீங்க. பந்தியில எல்லாரும் பார்த்தாங்க. சொன்ன சொல்லை மாத்துறது எனக்கு வழக்கமில்லை."

தில்லைநாயகம் நீளமாக ஒரு மூச்சு விட்டார். நெஞ்சில் இருந்த கனம் பாதி இறங்கியதுபோல இருந்தது. மடித்து வைத்த வேட்டி ஞாபகத்துக்கு வந்தது. ஒன்றரை மணி நேரப் பேச்சும் தங்குதடை இல்லாமல் ஞாபகத்துக்கு வந்தது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, அம்மா. அங்கே நான் யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை. பேசினாப் போதும்."

வடிவம்மா செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"அங்கேயும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பாங்க, ஐயா."